மறுபடியும் அதே பாட்டு

பழைய பாட்டை மறுபடியும் பாடுகிறவர்களைப் பற்றி உலகத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. "சரக்குத் தீர்ந்துவிட்டது; பழைய சோற்றைத் தாளித்துப் பரிமாறுகிறார்கள்" என்பது ஒன்று. "நல்ல பாட்டு எத்தனை தடவை பாடினால்தான் என்ன, அலுத்தா போகும்?" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் கேட்கிறவர்கள்தாம். பாடுகிறவனுக்கு அந்தச் சமயத்தில் என்ன நேர்கிறது என்று யாரும் அதிகமாக விசாரிப்பதில்லை.

எனக்கு அதை விசாரிக்க வேண்டும் என்று ஆசை வந்ததற்குக் காரணம் ஓர் ஐரிஷ் ராக் கோஷ்டி. யு-2 என்று பெயர். டப்ளின் நகரத்தில் 1976-இல் பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது. போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன், லாரி மல்லன் என்ற நால்வரும் அரை நூற்றாண்டாகப் பிரியாமல் இருந்து வருவது அந்த உலகத்தில் ஓர் அதிசயம். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் பாடகர் போனோ தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதில் நாற்பது அத்தியாயங்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தம் பாட்டு ஒன்றின் பெயரையே தலைப்பாக வைத்திருந்தார். அந்தப் புத்தகத்துக்குத் துணை போல, 2023 மார்ச் 17-ஆம் தேதி ஓர் இசைத்தொகுப்பு வந்தது. அதிலும் நாற்பது பாட்டுக்கள். அத்தனையும் பழையவை, அத்தனையும் புதிதாகப் பாடப்பட்டவை.

எப்படிப் புதிது? மைதானங்களில் லட்சக்கணக்கானவர்களை எழுந்து ஆட வைத்த முரசையும் மின்சார கிதாரையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். பியானோ, சாதாரணக் கிதார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். சுருதியை மாற்றினார்கள். வார்த்தைகளைக்கூட மாற்றினார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த பாட்டு ஒன்று, பர்மாவில் வீட்டுக் காவலில் இருந்த ஆங் சான் சூ கியை நினைத்து எழுதப்பட்டது. அந்த அம்மையார் பின்னால் விடுதலை பெற்று ஆட்சியிலும் அமர்ந்தார். ரோஹிங்கியா மக்கள் வீடு வாசல் இழந்து ஓடியபோது அவர் காட்டிய மௌனம் உலகத்தைத் திடுக்கிட வைத்தது. அவர் பதவி விலக வேண்டும் என்று 2017-இல் போனோவே சொன்னார். ஆனால் பாட்டு என்ன குற்றம் செய்தது? புதிய தொகுப்பில் அதே பாட்டு உக்ரைன் நாட்டு மக்களுக்கு உரியதாக மாறிவிட்டது. யாருக்காகப் பிறந்ததோ அவரை விட்டு வெளியேறி, வேறு முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தத் தொகுப்பைக் கேட்ட அந்தக் கோஷ்டியின் ரஸிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். "எங்கள் பாட்டை ஏன் தொட்டீர்கள்?" என்பதே அவர்களுடைய குறை. எனக்கு இந்த "எங்கள்" என்ற வார்த்தை சுவாரஸ்யமாக இருந்தது. ராக் சங்கீதத்தில் பாட்டு என்பது காகிதத்தில் எழுதிய ஸ்வரம் அல்ல. மேடையில் பாடுவதுகூட அல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட ஸ்டூடியோவில், இன்னார் இன்னாருடைய மூச்சோடும் விரலோடும் பதிவான அந்த இசைத்தட்டுத்தான் பாட்டு. மூலமும் அதுவே, முடிவும் அதுவே. அதைக் கேட்டு ஒருவன் காதலித்திருப்பான்; ஒருவன் ஊரை விட்டுக் கிளம்பியிருப்பான். அதை மாற்றினால் அவனுடைய இளமையிலே கை வைத்த மாதிரி.

நமக்கோ இந்தச் சங்கடம் இருந்ததில்லை. நம் வித்வான் ஒரு கீர்த்தனத்தை நேற்று மயிலாப்பூரில் பாடியது போல இன்று மதுரையில் பாட வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. அப்படியே பாடினால்தான் கேலி செய்வார்கள். ஸாஹித்யகர்த்தா வைத்துவிட்டுப் போன சங்கதிகளுக்கு மேலே சிஷ்யர்கள் இரண்டு சங்கதி சேர்த்திருப்பார்கள்; சிஷ்யனுக்குச் சிஷ்யன் ஒன்றைக் குறைத்திருப்பான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் தட்டு தென்னாட்டுக்கு வந்தபோது, ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்குகிற அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் ராகத்தை அடைக்க வித்வான்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தட்டு அவர்களுக்கு ஒரு புகைப்படம். புகைப்படத்தையே ஆளாக நினைக்க அவர்களுக்குத் தெரியாது.

நாவல் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே நிற்கிறவர்கள். வாராவாரம் எழுதிய தொடர்கதையைப் புத்தகமாக்கும்போது பேனாவைக் கையில் எடுக்காத ஆசிரியர் அபூர்வம். நானும் எடுத்திருக்கிறேன். அப்போது ஒன்று தெரிகிறது: பத்து வருஷத்துக்கு முன் எழுதிய வாக்கியத்தை இன்றைய கையால் தொடும்போது, அந்த வாக்கியத்தைக் காட்டிலும் நாம்தான் அதிகமாக மாறியிருக்கிறோம்.

இந்த விஷயத்தை எனக்கு மிகச் சுலபமாக எடுத்துச் சொன்னவர் சங்கீத விமரிசகர் அல்ல. பேத்துப்பாறையில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிற ஓர் அம்மாள். கொடைக்கானலிலிருந்து மலைச் சரிவில் இறங்கினால் வரும் ஊர் பேத்துப்பாறை. அஞ்சு வீடு அருவிக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். காப்பியும் பட்டர் ஃப்ரூட்டும் விளைகிற பூமி. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் என்ற பயத்தில் ஜனங்கள் காலா காலத்தில் வீடு சேர்ந்துவிடுவார்கள். சில மாதங்கள் அங்கே தங்கி எழுதிக்கொண்டிருந்தேன். அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மி அடித்தார்கள். முன்பாட்டுப் பாடிய அம்மாளின் குரல் தணிவாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. சுற்றி நின்று வாங்கிப் பாடியவர்களில் வயதானவர்கள் சிலர் பழக்கத்தில் மேலே போய்ப் போய், பிறகு சிரித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு அவரிடம் காரணம் கேட்டேன்.

"பாட்டு எங்க அத்தை பாட்டுதாண்ணே. அவுக இருந்த வரைக்கும் அவுகதான் முன்பாட்டு. தொண்டை கணீர்னு மேலே போகும். எனக்கு அம்புட்டு உசரம் எட்டாது. எட்டாததை எட்டிப் பிடிக்கப் போயி பாட்டைக் கெடுத்துக்கலாமா? அதான் கீழே பிடிச்சுப் பாடுறேன்."

"ஏம்மா, அத்தை மாதிரி வரலைன்னு ஊர்லே சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லாம இருப்பாகளா? சொல்லிக்கிட்டே கும்மி அடிப்பாக" என்றார் அவர்.

அறுபது வயதைத் தாண்டிய போனோ சுருதியை இறக்கிப் பாடியதற்கும் இந்த அம்மாளின் நியாயத்துக்கும் அதிக தூரம் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. போனோ இறக்கியது தம் சொந்தக் குரலின் வயதுக்காக. இந்த அம்மாள் இறக்கியதோ இன்னொருவர் விட்டுப்போன இடத்தில் நிற்க வேண்டியிருந்ததற்காக. பழைய பாட்டைப் புதிதாகப் பாடுவதில் கடினமானது இந்த இரண்டாவது வகைதான். அதற்கு நம்மவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்ல வந்தேன்.

ஜான் மக்லாஃப்ளின் 1942-இல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் பிறந்த கிதார்க்காரர். 1971-இல் நியூயார்க்கில் அவர் அமைத்த கோஷ்டிக்கு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர். ஸ்ரீ சின்மய் என்ற வங்காளத்துக் குருநாதர் அவருக்கு வைத்த பெயர் அது. பெயரைக் கேட்டுச் சாந்தமான பஜனை என்று நினைத்துவிடக் கூடாது. காது அடைக்கும் ராக் சங்கீதம். ஜாஸின் வேகமும் மின்சாரத்தின் முழக்கமும் சேர்ந்தது. அந்த முழக்கத்தின் நடுவிலேயே அவருக்கு வீணை மீது மோகம் வந்தது. அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். அந்தச் சர்வகலாசாலையைச் சுற்றித்தான் அவருக்குத் தமிழ்நாட்டுச் சங்கீதக்காரர்களின் நட்பு ஏற்பட்டது.

அவர்களில் ஒருவர் பிடில் எல். சங்கர். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் வி. லக்ஷ்மிநாராயணா அங்கே சங்கீத ஆசிரியர். 1958-இல் இலங்கையில் நடந்த இனக் கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன். கடத்துக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்குப் பக்கவாத்தியம் வாசித்த விக்கு விநாயக்ராம். தபலாவுக்கு வடக்கிலிருந்து ஜாகீர் ஹுசேன். இந்தக் கோஷ்டிக்குச் சக்தி என்று பெயர். மக்லாஃப்ளின் தம் கிதாரையே மாற்றிக்கொண்டார். வீணைக்கு இருப்பது போலத் துணைத் தந்திகள் குறுக்கே ஓடும்படியும், கமகம் பிடிக்க வசதியாக மெட்டுக்களுக்கு நடுவே பள்ளம் வெட்டியும் புதுக் கிதார் செய்வித்தார். மின்சாரப் பெட்டிகளை அணைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ராக் ரஸிகர்களுக்கு அந்தக் காட்சியே விந்தையாக இருந்திருக்கும்.

1975 ஜூலை 5-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஸௌதாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் செய்த கச்சேரிதான் முதல் இசைத்தட்டு ஆயிற்று. மூன்றே உருப்படிகள். இரண்டு நீளமானவை, மலையருவி போல இறங்குகிறவை. நடுவில் ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான ஒரு சின்ன மெட்டு: "லோட்டஸ் ஃபீட்". தாமரைப் பாதங்கள். வேகம் இல்லை, போட்டி இல்லை. இரண்டு பேர் பிராகாரத்தில் மெள்ளப் பிரதட்சணம் செய்வது போலப் பிடிலும் கிதாரும் நடந்து போகும்.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். அதே 1975-இல், மக்லாஃப்ளின் தம் பழைய ராக் கோஷ்டியோடும் ஒரு தட்டுப் பதிவு செய்தார். அதிலும் "லோட்டஸ் ஃபீட்" இருக்கிறது. அங்கே மின்சார வாத்தியங்களின் வேஷத்தில். இரண்டு தட்டுக்களும் 1976-இல் வெளிவந்தன. ஒரே பாட்டு, ஒரே ஆசிரியர், இரண்டு உடம்பு. பிறக்கும்போதே இது, "இதுதான் என் உருவம்" என்று பிடிவாதம் பிடிக்காத பாட்டாகப் பிறந்துவிட்டது.

இசைத்தட்டு வியாபாரத்தில் சக்திக்குப் பெரிய வெற்றி இல்லை. மேலும் இரண்டு தட்டுக்கள் வந்தன. அதற்குப் பிறகு கோஷ்டி கலைந்தது. விநாயக்ராமுக்குச் சென்னையில் பொறுப்பு காத்திருந்தது. அவருடைய தகப்பனார் ஹரிஹர சர்மா 1958-இல் ஆரம்பித்த ஜெய கணேஷ் தாள வாத்ய வித்யாலயம் அது. உலகத்தைச் சுற்றிய கடம், பிள்ளைகளுக்குச் சொற்கட்டுச் சொல்லிக்கொடுக்க வீடு திரும்பியது. கடம் வாசிப்பவர்கள் பாத்திரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பார்கள். மண்ணும் நெருப்பும் சேர்ந்து சூளையில் என்ன சுருதி கொடுத்தனவோ அதுதான் அதன் சுருதி. பிறகு பெரிதாக மாற்ற முடியாது. வாசிப்பவன் அதற்கு இணங்க வேண்டும்.

இருபது வருஷம் கழித்து, 1997-இல், பழைய தோழர்கள் மூன்று பேர் மறுபடியும் கூடினார்கள். மக்லாஃப்ளின், ஜாகீர், விநாயக்ராம். பிடில் வரவில்லை. அந்த இடத்தில் ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழல். "சக்தியை நினை" என்று பொருள்படும் பெயரில் 1999-இல் வந்த அந்தத் தட்டில் "லோட்டஸ் ஃபீட்" மறுபடியும் இருக்கிறது. பிடில் வில்லை இழுத்துக்கொண்டே போகலாம். புல்லாங்குழலில் மூச்சு தீர்ந்தால் நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே பாட்டில் முன்பு இல்லாத இடங்களில் மௌனம் வந்து உட்கார்ந்தது. இளமையில் பேசிக்கொண்டே நடந்தவர்கள், வயதான பிறகு அங்கங்கே நின்று நடந்த மாதிரி.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். 1999-இல் ஐரோப்பாவில் சுற்றிய கோஷ்டியில் விநாயக்ராம் இல்லை. அவர் இடத்தில் அவருடைய மகன் செல்வகணேஷ் உட்கார்ந்தார். தகப்பன் இடத்தில் மகன் உட்காருவது நம் நாட்டில் புதுமை இல்லை. ஆனால் மகன் தகப்பனாருடைய கடத்தை எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. அவர் முக்கியமாகக் கையில் எடுத்தது கஞ்சிரா. கடம் எப்படித் தன் சுருதியில் அசையாமல் இருக்கிறதோ, கஞ்சிரா அதற்கு நேர் எதிர். சிறிய பலாக்கட்டை வளையம், உடும்புத் தோல். தோலின் உட்புறம் தண்ணீர் தடவினால் சுருதி தாழும். காயக் காய ஏறும். பிடித்திருக்கும் கையின் விரலால் தோலை அழுத்தினால் நாதம் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்பா மண்ணில் பேசியதை மகன் தோலில் பேசினார். அதே தாளம், அதே குடும்பத்துச் சொற்கட்டு. ஆனால் நகல் அல்ல. அத்தையின் உயரத்தை எட்டிப் பிடிக்காமல் தன் உயரத்தில் நின்ற அம்மாளின் விவேகம் இதுதான்.

அதே கோஷ்டியில் பிடிலின் இடத்துக்கு மாண்டலின் வந்தது. உ. ஸ்ரீநிவாஸ், ஆந்திராவில் பாலக்கொல்லுவில் 1969-இல் பிறந்தவர். குழந்தையாக மேடை ஏறி, மேல்நாட்டு வாத்தியத்தில் கர்நாடக சங்கீதத்தின் கமகம் பேசுமா என்று கேட்ட பெரியவர்களின் வாயை அடைத்தவர். மாண்டலின் தந்தியைத் தட்டியவுடன் நாதம் தேயத் தொடங்கிவிடும். தேய்வதற்குள் அவர் அதைப் பிடித்து இழுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த தட்டில் "லோட்டஸ் ஃபீட்" அவருடைய கையில் இருக்கிறது. பிடில், குழல், மாண்டலின் என்று மூன்றாவது உடம்பு. பிறகு சங்கர் மகாதேவன் வந்து சேர்ந்தார். முதல் சக்தியில் தனிப் பாடகருக்கு இல்லாத இடம் இப்போது கிடைத்தது. பம்பாயில் பதிவாகி 2001-இல் வெளிவந்த தட்டில், ஸ்ரீநிவாஸ் அமைத்த "கிரிராஜ் சுதா"வை அவர் பாடினார்.

2014 செப்டம்பர் 19-ஆம் தேதி ஸ்ரீநிவாஸ் காலமானார். வயது நாற்பத்தைந்து. சங்கீத உலகம் அழுதது. அந்தக் கோஷ்டிக்கோ அழுவதோடு தீரவில்லை. நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பல வருஷம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு 2023 ஜூனில், "இந்தக் கணம்" என்று பொருள்படும் பெயரில், சக்தி ஒரு தொகுப்பு வெளியிட்டது. 1977-க்குப் பிறகு அவர்கள் ஸ்டூடியோவில் செய்த முதல் தொகுப்பு அதுதான். மக்லாஃப்ளினுக்கு வயது எண்பத்தொன்று. மாண்டலினுக்கு வேறு மாண்டலின் தேடவில்லை. கணேஷ் ராஜகோபாலனின் பிடில் வந்தது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் முதல் தட்டில் இருந்த அதே வாத்தியம், வேறு கையில். முதல் உருப்படியின் பெயரிலேயே ஸ்ரீநிவாஸ் இருக்கிறார்: "ஸ்ரீநியின் கனவு". கூடவே, "கிரிராஜ் சுதா" மறுபடியும்!

இரண்டு "கிரிராஜ் சுதா"வையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டிருக்கிறேன். பாடுகிறவர் அதே சங்கர் மகாதேவன். தபலா அதே ஜாகீர். கிதார் அதே கிதார். அமைத்தவர் மட்டும் இல்லை. முதலில் கேட்கும்போது காது மாண்டலினைத் தேடுகிறது. எந்த இடத்தில் அது குறுக்கே புகுந்து சிரிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த இடம் வருகிறது, சிரிப்பு வரவில்லை. இரண்டாம் தடவை கேட்கும்போது தேடுவது நின்றுவிடுகிறது. பாட்டு தன் காலில் நிற்கிறது என்று தெரிகிறது. அமைத்தவனை இழந்தும் நிற்கிற பாட்டைவிட அவனுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை வேறு என்ன?

2024 பிப்ரவரியில் அந்தத் தொகுப்புக்குக் கிராமி பரிசு கிடைத்தது. ஜாகீருக்கு அன்று ஒரே நாளில் மூன்று பரிசுகள். அந்த வருஷம் முடிவதற்குள், டிசம்பர் 15-ஆம் தேதி, ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் அவர் காலமானார். வயது எழுபத்துமூன்று. 1975-இல் ஸௌதாம்ப்டன் மேடையில் உட்கார்ந்து, 1997-இலும் 1999-இலும் 2023-இலும் யார் வந்தாலும் யார் போனாலும் மக்லாஃப்ளினுக்கு ஈடு கொடுத்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

யு-2 கோஷ்டியார் நாற்பது பாட்டுக்களைத் திரும்பப் பாடியதை நான் குறைவாக மதிக்கவில்லை. தன் இளமைக் குரலோடு போட்டி போடாமல், இன்றைய குரலுக்கு எது முடியுமோ அதைப் பாடுவதற்கும் துணிச்சல் வேண்டும். ஆனால் அவர்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தங்கள் பழைய படத்தைத் தாங்களே மறுபடி வரைந்தவர்கள். சக்தியின் கதையில் வரைகிற கைகளே மாறிக்கொண்டிருந்தன. தட்டுத்தான் பாட்டு என்று நினைக்கிற ராக் உலகத்திலிருந்து வந்த ஓர் ஆங்கிலேயர், பாட்டுக்கு முடிவான உருவமே கிடையாது என்று வளர்ந்த நம்மவர்களோடு உட்கார்ந்து ஐம்பது வருஷம் கற்றுக்கொண்ட பாடம் இது. மேல்நாட்டார் நம்மிடமிருந்து ராகத்தையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டார்கள் என்று பெருமை பேசுகிறோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. காலியான இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்து, அவருக்கு எட்டுகிற சுருதியில் பாட்டைத் தொடங்குவது எப்படி என்பதுதான் அது.

"லோட்டஸ் ஃபீட்" ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான மெட்டு. அதைப் பிடிலில் கேட்டாயிற்று, குழலில் கேட்டாயிற்று, மாண்டலினில் கேட்டாயிற்று. தபலா நின்றுவிட்ட பிறகு அதை யார், எந்த வாத்தியத்தில் எடுப்பார்கள்? எடுக்கிறவர் யாராக இருந்தாலும், "பழைய மாதிரி இல்லை" என்று நாம் கட்டாயம் சொல்வோம். சொல்லிக்கொண்டே தொடையில் தாளம் போடுவோம்.